கையும் காதும் சொல்வதைக் கேட்டு டிஎஸ்எல்ஆர் தெரிவு செய்வது: முழுமையான வழிகாட்டி

பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்று வாங்கப் போகிறேன், எதை எடுக்கலாம் என்று கிளிநொச்சியிலோ புதுக்குடியிருப்பிலோ ஒரு தம்பி கேட்டால், மெகாபிக்சல் கணக்கையும் விலையையும் மனப்பாடமாக்கிக்கொண்டுதான் வருவார். நான் திருப்பிக் கேட்பது வேறு. எங்கே நின்று படம் எடுக்கப் போகிறீர், அங்கே எவ்வளவு அமைதி இருக்கும், இருட்டுக்குள்ளே கண்ணைக் கமராவில் இருந்து எடுக்காமல் எந்தெந்தப் பட்டனை உமது விரல் தேட வேண்டி வரும்? இதற்குப் பதில் தெரிந்தால் மிச்சம் தானாக வரும்.

இதை நான் படித்தது முல்லைத்தீவுக் கரையோரம் ஒரு சின்னத் தேவாலயத்தில். இறந்தவர்களுக்கான திருப்பலி. தகரக் கூரை, சீமெந்து நிலம், காற்றுக்கூட இல்லாத நேரம். எல்லோரும் முழந்தாளில் இருக்கும்போது நான் ஒரேயொரு படம் எடுத்தேன். அந்தச் 'சடக்'கில் முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தோள் குலுங்கித் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, பயம்தான். அவர் எதை நினைத்துத் திடுக்கிட்டார் என்று இந்த மண்ணில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அன்றிலிருந்து ஷட்டர் சத்தம் என்பது எனக்குப் பட்டியலில் கடைசியாகப் பார்க்கும் விஷயம் அல்ல.

சரி, வேலைக்கு வருவோம். கெனன், நிக்கோன் இரண்டு கம்பனிகளும் புதிய வேலை முழுவதையும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கமரா) பக்கம் கொண்டுபோய்விட்டதால், கலியாணவீட்டுப் படப்பிடிப்புக்காரர் பலர் தங்கள் டிஎஸ்எல்ஆரை விற்கிறார்கள். நல்ல பொடிகள், அதாவது லென்ஸ் இல்லாத கமரா உடம்புகள், கைமாறி வருகின்றன. ஒப்பிட இது நல்ல காலம்.

முதலில் ஒரு கொப்பியில் எழுதுங்கள்

கடைக்குப் போக முன், கடந்த ஒரு வருடத்தில் நீங்கள் படம் எடுத்த, அல்லது எடுக்க ஆசைப்பட்ட இடங்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் அங்கே இருந்த சத்தத்தையும் வெளிச்சத்தையும் குறியுங்கள். என் கொப்பியில் இருப்பதைச் சொல்கிறேன். வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கல்: இரவு, சனக்கூட்டம், பறை, ஒலிபெருக்கி, பீரங்கி போலச் சத்தம் போடும் கமராவானாலும் ஒருவருக்கும் கேட்காது, ஆனால் இருட்டிலும் நெரிசலிலும் பட்டன் தெரிய வேண்டும். கலியாணவீடு: தாலி கட்டும்போது கெட்டிமேளம், ஆகவே சத்தம் பிரச்சினையே இல்லை, வேகம்தான் பிரச்சினை. கூத்து: மத்தளம் விழுந்து விழுந்து அடிக்கும், ஆனால் தாயும் மகனும் பேசும் இடத்தில் சபை முழுக்க மூச்சடங்கி இருக்கும், அந்த இடத்துப் படம்தான் உங்களுக்கு வேண்டும். செத்தவீடு, அந்தியேட்டி, திருப்பலி: அமைதி. சுண்டிக்குளம், இரணைமடு: பறவை, வெயில், புழுதி, நீளமான லென்ஸ்.

இப்படி எழுதினால் ஒரு உண்மை தெரியும். சத்தம் எல்லா இடத்திலும் முக்கியமில்லை, ஆனால் முக்கியமான இடத்தில் அது மட்டும்தான் முக்கியம்.

இரண்டு மூன்று பொடிகளை ஒரே நாளில் கையில் எடுங்கள்

ஒன்றை இன்றைக்கும் மற்றதை அடுத்த மாதமும் பார்த்தால் கைக்கு ஞாபகம் இருக்காது. வன்னியில் கடையில் வரிசையாக வைத்துப் பார்க்க வழி குறைவு என்பதால், ஸ்டூடியோ வைத்திருக்கும் இரண்டு பேரிடம் கேட்டு ஒரு பின்னேரத்துக்கு வாங்குங்கள், அல்லது யாழ்ப்பாணம் போகும் நாளில் லென்சையும் மெமரி கார்ட்டையும் உங்களோடு கொண்டுபோங்கள். லென்ஸ் இல்லாத வெறும் பொடியைத் தூக்கிப் பார்ப்பதில் பிரயோசனமில்லை.

நிறையை எண்ணாகத் தெரிந்துவைப்பது நல்லது. பற்றறியும் கார்ட்டும் போட்டு நிக்கோன் டி3500 ஏறக்குறைய 415 கிராம், கெனன் 200டி 453, கெனன் 80டி 730, நிக்கோன் டி7200 765, நிக்கோன் டி750 840, கெனன் 5டி மார்க் 3 950 கிராம். பாரம் குறைந்தது நல்லது என்று உடனே முடிவெடுக்க வேண்டாம். 70-200 எஃப் 2.8 லென்ஸ் ஒன்றரைக் கிலோ வரும். அதை 415 கிராம் பொடியில் மாட்டினால் முன்பக்கம் தொங்கி, வலது மணிக்கட்டுத்தான் முழுப் பாரத்தையும் இழுக்கும். அதே லென்ஸ் 5டி மார்க் 3 இல் இருந்தால் மொத்த நிறை கூட, ஆனால் களைப்பு குறைவு. மறுபக்கம், 160 கிராம் 50 எம்எம் லென்சோடு சந்தையிலும் வயல்கரையிலும் நடந்து திரிகிறவருக்குச் சின்னப் பொடிதான் வாய்ப்பு.

பிடியைச் சோதிப்பது இப்படி. வலது கையால் மட்டும் பிடித்து, கையைத் தொங்கவிட்டு நூறு அடி நடங்கள். சுண்டுவிரல் எங்கே இருக்கிறது? சின்னப் பொடிகளில் அது கீழே காற்றில் தொங்கும், அரை மணித்தியாலத்தில் உள்ளங்கை நோகத் தொடங்கும். டி750 இன் உடம்பு மெல்லியது, ஆனால் பிடி ஆழமானது. நடுவிரல் உள்ளே போய் வளைந்து நிற்கும். என் கைக்கு இதுவரை பிடித்ததில் அதுதான் சிறந்தது. 5டி மார்க் 3 உருண்டு பருத்தது, பெரிய கைக்காரருக்குப் பொருந்தும். பிறகு உள்ளங்கையைத் தண்ணீரில் நனைத்துவிட்டுத் திரும்பப் பிடியுங்கள். சித்திரை வெயிலில் மாங்குளம் சந்தியில் நிற்கும்போது கை அப்படித்தான் இருக்கும். பழைய பொடிகளில் பிடியின் ரப்பர் வியர்வையில் ஊதிக் கழன்றிருக்கும்; நகத்தால் ஓரத்தைத் தட்டிப் பாருங்கள், எழும்பினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர் வியூஃபைண்டரை (கண் வைத்துப் பார்க்கும் துவாரம்) சோதிக்காமல் விடவே கூடாது. கண் எவ்வளவு தூரம் தள்ளி இருக்கும்வரை முழுப் படச்சட்டமும் தெரியும் என்பதற்கு ஒரு அளவு உண்டு: டி3500 இல் 18 மில்லிமீற்றர், டி7200 இல் 19.5, டி750 இலும் 5டி மார்க் 3 இலும் 21, 80டி இல் 22. கண்ணாடியோடு 18 இல் மூலைகள் மறையும். இன்னொன்று, டி3500, 200டி போன்றவற்றில் உள்ளே கண்ணாடித் துண்டுகளால் ஆன பென்டாமிரர். காட்சி சிறியது, மங்கல், எடுக்கும் சட்டத்தில் 95 வீதம்தான் தெரியும். 80டி, டி7200, டி750, 5டி மார்க் 3 எல்லாவற்றிலும் ஒரே கண்ணாடிக் கட்டியால் ஆன பென்டாபிரிசம், 100 வீதம். இரவுக் கூத்தில் இந்த வித்தியாசம் பெரிது.

கண்ணை எடுக்காமல் மாற்ற முடிகிறதா?

கட்டுப்பாடுகளை ஒப்பிட எனக்குத் தெரிந்த ஒரே நேர்மையான வழி, ஒரு வேலையைக் கொடுத்து நேரம் பார்ப்பது. கமராவை மனுவல் நிலையில் வையுங்கள். ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, அப்பச்சர் (லென்சுக்குள் வெளிச்சம் நுழையும் துவாரம்) எஃப் 8, ஷட்டர் வேகம் 1/500 செக்கன். இது வெளி வெயில். நண்பர் ஒருவர் "உள்ளே" என்று சொன்னதும், வியூஃபைண்டரில் இருந்து கண்ணை எடுக்காமல் ஐஎஸ்ஓ 3200, எஃப் 2.8, 1/125 க்குக் கொண்டுவந்து, குவியப் புள்ளியை இடது பக்கம் நகர்த்தி, ஒரு படம். கோயில் வீதியில் இருந்து மூலஸ்தானத்துக்கு முன்னால் போகும்போது நாம் செய்கிற வேலை இதுதான். ஒவ்வொரு பொடியிலும் பத்துத் தரம் செய்யுங்கள். முதல் ஐந்தை விட்டுவிடுங்கள், அது பழக்கமில்லாததால் வரும் தாமதம். அடுத்த ஐந்தை எழுதுங்கள்.

இதில் முதலில் விழுபவை ஒரு டயல் பொடிகள். டி3500, 200டி இரண்டிலும் ஒரேயொரு டயல்தான். அப்பச்சரை மாற்ற ஒரு பட்டனை அமத்திக்கொண்டே அதைச் சுற்ற வேண்டும். மெதுவாகப் படம் எடுப்பவருக்கு அது போதும். கலியாணவீட்டுக்குப் போதாது. இதை நான் அழுத்திச் சொல்வேன்: உழைப்புக்கு எடுப்பதென்றால் இரண்டு டயல் உள்ள பழைய பொடி, ஒரு டயல் உள்ள புதுப் பொடியை விட நல்லது.

இரண்டு டயல் உள்ளவற்றிலும் தன்மை வேறு. கெனனில் ஒன்று ஷட்டர் பட்டனுக்குப் பின்னால் ஆட்காட்டிவிரலுக்கு, மற்றது முதுகில் பெரிய வட்டமாகப் பெருவிரலுக்கு. நிக்கோனில் ஒன்று பிடியின் முன்பக்கம், மற்றது பின்பக்கம் மேலே. கெனனின் பெரிய வட்டம் சுற்றச் சுகம், ஆனால் பெருவிரல் கீழே இறங்க வேண்டும். நிக்கோனில் விரல் இடம் மாறத் தேவையில்லை. ஐஎஸ்ஓ பட்டனில்தான் நிக்கோன் தோற்கும். டி750 இலும் டி7200 இலும் அது திரைக்கு இடப்பக்கம் இருக்கிறது, அதாவது லென்சைத் தாங்கும் இடது கையை விட்டுத்தான் அமத்த வேண்டும். கெனன் 80டி, 5டி மார்க் 3 இல் வலது தோளிலேயே இருக்கிறது. நிக்கோன் பின்னாளில் டி500, டி850 இல் அதை ஷட்டர் பட்டனுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தது. அந்த இரண்டிலும் பட்டன்களுக்குள் வெளிச்சமும் உண்டு, சுவிட்சை ஒரு படி தள்ளினால் எரியும். இரவில் வேலை செய்கிறவருக்கு அது பெரிய உதவி.

குவியத்தை ஷட்டர் பட்டனில் இருந்து பிரித்துப் பெருவிரலுக்குக் கொடுக்கும் பழக்கம் உங்களுக்கு இருந்தால், 80டி, 5டி மார்க் 3 இரண்டிலும் அதற்கென்றே ஏஎஃப்-ஆன் பட்டன் இருக்கிறது. டி750, டி7200 இல் தனியாக இல்லை, ஏஈ-எல் பட்டனை மெனுவில் அந்த வேலைக்கு மாற்றிவிடலாம். பெருவிரல் அங்கே சுகமாகப் போகிறதா என்று பாருங்கள்.

ஒரு கம்பனியில் இருந்து மற்றதற்கு மாறுகிறவருக்கு: லென்ஸ் மாட்டும் திசை இரண்டிலும் எதிரெதிர். குவிய வளையமும் அப்படியே. சில பழைய நிக்கோன்களில் வெளிச்ச அளவுகோலின் கூட்டல் பக்கம் இடதில் இருக்கும், அதை மெனுவில் திருப்பலாம். வளையத்தைத் திருப்ப முடியாது. இரண்டு மாதத்தில் கை பழகும், ஆனால் அந்த இரண்டு மாதத்துக்குள் பெரிய கலியாணவீடு எதையும் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அப்புறம் டயல்களைக் காதோடு வைத்து மெல்லச் சுற்றுங்கள். செம்மண் புழுதியில் வேலை செய்த பொடி சரசரவென்று சொல்லிக்கொடுக்கும். சுத்தமானது டிக், டிக் என்று ஒரே சீராக விழும்.

சத்தம் எங்கிருந்து வருகிறது

ஷட்டர் சத்தம் என்று ஒன்றாகச் சொன்னாலும் அது நாலைந்து சத்தம். பட்டனை அமத்தியதும் உள்ளே இருக்கும் கண்ணாடி மேலே எழுந்து அடிக்கிறது, அப்பச்சர் சுருங்குகிறது, ஷட்டரின் முதல் திரை ஓடுகிறது, இரண்டாம் திரை ஓடி மூடுகிறது, கண்ணாடி கீழே விழுகிறது, மோட்டர் அடுத்த படத்துக்காகத் திரையை இழுத்து வைக்கிறது. 1/125 இல் எல்லாம் ஒன்றாகக் கேட்கும். ஷட்டரை அரைச் செக்கனில் வைத்து ஒரு தரம் அமத்துங்கள், இரண்டு துண்டாகப் பிரிந்துவிடும்: முதல் துண்டில் கண்ணாடி எழுவது, இரண்டாவதில் திரை மூடிக் கண்ணாடி இறங்குவது. எந்தத் துண்டு கூர்மையாக இருக்கிறது என்று கேட்டுப் பழகுங்கள். கண்ணாடி அடிப்பதுதான் பெரும்பாலும் பெரிய பங்கு. டி750, 5டி மார்க் 3 போன்ற முழுச்சட்டப் பொடிகளில் (பெரிய உணரி உள்ளவை) கண்ணாடி பெரிது, ஆனால் அதனாலேயே சத்தம் கூடும் என்று நினைக்க வேண்டாம். அதைப் பிடித்து நிறுத்தும் விதம்தான் தீர்மானிக்கிறது.

நிசப்த நிலை என்று எழுதியிருப்பதும் கம்பனிக்குக் கம்பனி வேறு பொருள். கெனன் 5டி மார்க் 3, 6டி, 80டி போன்றவற்றில் அது கண்ணாடியை மெதுவாக நகர்த்துகிறது. 5டி மார்க் 3 இல் தொடர்ந்து எடுக்கும் வேகம் செக்கனுக்கு 6 இல் இருந்து 3 ஆகக் குறையும், ஆனால் சத்தம் 'சடக்' என்பதில் இருந்து 'ச்சுக்' என்று உலர்ந்து மென்மையாகிவிடும். நிக்கோனில் டயலில் கியூ என்ற எழுத்து. அது கண்ணாடி எழுவதைப் பெரிதாக மாற்றாது. படம் எடுத்தபின் நீங்கள் விரலை எடுக்கும் வரை கண்ணாடியை மேலேயே வைத்திருக்கும். ஆகவே சத்தம் குறைவதை விட, இரண்டாகப் பிரிகிறது என்று சொல்வதே சரி. பாட்டுத் தொடங்கும்வரை, அல்லது யாராவது இருமும்வரை விரலை அமத்திப் பிடித்தால் இரண்டாவது சத்தத்தை மறைக்கலாம். டி750 இல் இதே முறையில் தொடர்ந்து எடுக்கும் நிலையும் இருக்கிறது.

கண்ணாடிச் சத்தமே வேண்டாம் என்றால் லைவ் வியூ, அதாவது பின்திரையில் பார்த்து எடுப்பது. கெனனில் கண்ணாடி முதலிலேயே ஒரு தரம் எழுந்து நிற்கும், பிறகு ஷட்டர் திரைச் சத்தம் மட்டும்தான். 5டி மார்க் 2 போன்ற 2008 ஆம் ஆண்டுப் பொடியில்கூட லைவ் வியூவில் நிசப்த நிலை இருக்கிறது, ஆனால் அந்தக் காலத்து லைவ் வியூக் குவியம் ஆடி ஆடித்தான் பிடிக்கும். கெனன் 2013 இல் 70டி யோடு கொண்டுவந்த டூவல் பிக்சல் குவியம் உள்ள பொடிகளில் அந்தத் தொல்லை இல்லை, 80டி யும் அதில் ஒன்று. நிக்கோன் டி850 இல் லைவ் வியூவில் நிசப்த நிலையைத் தெரிவு செய்தால் முழுக்க எலக்ட்ரொனிக் ஷட்டர், ஷட்டர் சத்தமே வராது. எல்ஈடி விளக்குக்குக் கீழே படத்தில் கோடு கோடாக விழக்கூடும் என்பதைச் சோதித்துவிட்டு நம்புங்கள்.

சத்தத்தை அளப்பது

இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, மின்விசிறியை நிறுத்தி, கதவைப் பூட்டி. எல்லாப் பொடியிலும் 1/125, மனுவல் குவியம், ஒரே அப்பச்சர், பீப் சத்தம் மெனுவில் நிறுத்தப்பட்டது. மேசையில் நான்காக மடித்த துவாயைப் போட்டு அதன்மேல் கமரா, இல்லாவிட்டால் மேசைப் பலகையும் சேர்ந்து அதிரும். ஒரு மீற்றர் தள்ளி உங்கள் கைத்தொலைபேசி, அதில் ஒலி அளக்கும் அப். பத்துப் படம் சாதாரண நிலையில், பத்துப் படம் நிசப்த நிலையில், நடு எண்ணை எழுதுங்கள். தொலைபேசி காட்டும் டெசிபலை உண்மை அளவாக எடுக்காதீர்கள், அந்த மைக் பேச்சுக்குச் செய்தது. ஒரே தொலைபேசி, ஒரே இடம், ஒரே இரவு என்றால் ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் உதவும்.

அதை விட நான் நம்புவது மனிதக் காதை. ஒருவரை முதுகு காட்டி இருக்கச் சொல்லி, நீங்கள் ஒன்று, மூன்று, ஆறு மீற்றரில் நின்று ஒழுங்கில்லாமல் படம் எடுங்கள். அவர் எத்தனை தரம் கேட்டது என்று விரலால் எண்ண வேண்டும். பிறகு வானொலியை மெல்லிய பேச்சுச் சத்தத்துக்கு வைத்துத் திரும்பவும். நீங்கள் எடுத்தது பன்னிரண்டு, அவர் எண்ணியது நாலு என்றால் அந்தப் பொடி அந்தத் தூரத்தில் பூசைக்கு உகந்தது. இங்கே ஒரு விஷயம் தெளிவாகும்: டெசிபல் ஒன்றாக இருந்தாலும் கூரான, உலோகம் தட்டுவது போன்ற சத்தம் காதில் குத்தும், மந்தமான சத்தம் பேச்சுக்குள் கரையும். எண்ணில் இது தெரியாது.

தூரமும் உதவும். திறந்தவெளியில் தூரத்தை இரண்டு மடங்காக்கினால் 6 டெசிபல் குறையும். தகரக் கூரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் அவ்வளவு குறையாது, சத்தம் சுற்றிச் சுற்றி வரும். ஆகவே வீட்டில் சோதித்தபின் அப்படியான ஒரு வெறும் மண்டபத்திலும், ஆளில்லாத நேரம் அனுமதி கேட்டு, ஒரு தரம் சோதியுங்கள்.

லென்சை மறக்க வேண்டாம். கெனனின் பழைய 50 எம்எம் எஃப் 1.8 மார்க் 2 குவியம் பிடிக்கும்போது எழுப்பும் கிர்ர் சத்தம், நிசப்த நிலையில் இருக்கும் ஷட்டரை விடப் பெரிதாகக் கேட்கும். 2015 இல் வந்த எஸ்டிஎம் வகை அமைதி. நிக்கோனில் பழைய ஏஎஃப்-டி லென்சுகளை பொடிக்குள் இருக்கும் மோட்டர்தான் திருகும், அதுவும் சத்தம்தான். டி3500 இல் அந்த மோட்டரே இல்லாததால் அவற்றைக் கையால்தான் குவியப்படுத்த வேண்டும்.

வெளியே ஒரு காலை

விடிய ஆறு மணிக்கு இரணைமடு அணைக்கட்டிலோ சுண்டிக்குளத்திலோ நீளமான லென்சோடு இரண்டு மணித்தியாலம் நில்லுங்கள். டி500 உம் கெனன் 7டி மார்க் 2 உம் செக்கனுக்கு 10 படம் எடுக்கும். கிட்ட நிற்கும் கொக்கு முதல் தொடரிலேயே தலையைத் தூக்கிப் பார்ப்பதைக் காண்பீர்கள். தூரத்துப் பூநாரைக் கூட்டத்துக்கு அது ஒன்றுமில்லை. எட்டு மணி வெயிலில் பின்திரை தெரிகிறதா, கறுப்புப் பொடி சுட்டதும் எந்தப் பட்டனைத் தொட விருப்பமில்லாமல் போகிறது, கழுத்து வாரோடு இருக்கும்போது மோட் டயல் தானாகச் சுழல்கிறதா என்று பாருங்கள். 80டி, டி7200, டி750, 5டி மார்க் 3 இல் டயல் நடுவில் பூட்டுப் பட்டன் உண்டு.

கைமாறி வாங்கும்போது எத்தனை படம் எடுத்தது என்பதையும் கேளுங்கள். நிக்கோன் படக் கோப்புக்குள்ளேயே எண்ணிக்கை பதிந்திருக்கும், கணினியில் பார்க்கலாம். கெனனில் சாதாரணமாக அப்படித் தெரியாது, கமராவை வயரில் இணைத்து மென்பொருளில் பார்க்க வேண்டும். 80டி யின் ஷட்டர் 100,000 தடவைக்கும், டி7200, டி750, 5டி மார்க் 3 என்பன 150,000 தடவைக்கும் சோதிக்கப்பட்டவை.

என் முடிவைக் கேட்டால்: கோயில், தேவாலயம், செத்தவீடு என்று அமைதியான இடங்களில் நிற்பவருக்கு 5டி மார்க் 3, காசு போதாவிட்டால் 6டி. கலியாணவீடும் கூத்தும் என்றால் டி750, அந்தப் பிடிக்காகவே. பறவைக்கு டி500. ஒன்றுதான் வாங்க முடியும், எல்லாம் செய்ய வேண்டும் என்பவருக்கு 80டி. நிசப்த நிலை, வலது தோளில் ஐஎஸ்ஓ, வேகமான லைவ் வியூ மூன்றும் அதில் இருக்கின்றன.

வாங்கியபின் அன்றைக்கே செய்ய வேண்டிய ஒரு வேலை. கெனன் 80டி, 6டி, 5டி மார்க் 3 இன் மோட் டயலில் சி1 என்று ஒரு இடம் இருக்கும். அதில் நிசப்த நிலை, பீப் இல்லை, பிளாஷ் இல்லை, ஐஎஸ்ஓ 3200, 1/125 எல்லாவற்றையும் பதிந்து வையுங்கள். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே டயலை அங்கே திருப்பிவிடலாம். நிக்கோன் டி750, டி7200 இல் அதேபோன்ற யு1 இல் மற்றதெல்லாம் பதியும், கியூ மட்டும் பதியாது, அது தனி டயல். ஆகவே நிக்கோன்காரர் உள்ளே கால் வைக்கமுன் இடது கையால் அந்த டயலின் பூட்டை அமத்தி, டயலைக் கியூவுக்குத் திருப்பி, வெளியிலேயே ஒரு படம் எடுத்துக் கேட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.